பொருள்: பெட்ரோல் துகள் வடிகட்டி – 'ரீஜெனரேஷன்' என்பதற்குத் தமிழ்ச்சொல்

அன்பர்களுக்கு வணக்கம்.

கார்க் கையேட்டுக்கான சொற்பட்டியலில் மூன்று சொற்கள் இன்னும் முடிவாகவில்லை. ஒன்று, பெட்ரோல் காரின் புகையிலுள்ள துகளைப் பிடிக்கும் ஜிபிஎஃப் என்கிற கருவியின் பெயர். இரண்டு, அதற்குள் நடக்கும் 'ரீஜெனரேஷன்'. மூன்று, அது தானாக நடப்பதையும் எஞ்சின் வலிந்து நடத்துவதையும் பிரிக்கும் 'பேசிவ்', 'ஆக்டிவ்'.

கருவிக்குப் 'பெட்ரோல் துகள்வடி' போதும் என்பது என் எண்ணம். 'வடிகட்டி' என்று முழுதாக எழுதினால் டாஷ்போர்டுத் திரையில் இடம் கொள்ளாது. ரீஜெனரேஷனுக்கு வந்திருக்கும் முன்மொழிவுகள்: மீளுருவாக்கம், புத்துயிர்ப்பு, தன்சுத்திகரிப்பு. பழகிய சொல் என்பதால் மீளுருவாக்கத்தின் பக்கம் சாய்கிறேன். எஞ்சின் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

– இரா.

———

மறு: பெட்ரோல் துகள் வடிகட்டி

> மீளுருவாக்கம், புத்துயிர்ப்பு, தன்சுத்திகரிப்பு

மூன்றும் வேண்டாம் ஐயா. வடியில் எதுவும் மீண்டும் உருவாவதில்லை. படிந்த கரி எரிகிறது, அவ்வளவுதான். பிளனேரியாப் புழு துண்டான உடலை வளர்த்துக்கொள்வதற்கு உயிரியல் பாடத்தில் 'இழப்பு மீட்டல்' என்பார்கள். ஆங்கிலத்தில் அதற்கும் இதே சொல்தான். அந்த உறவை நாம் சுமக்க வேண்டியதில்லை.

உள்ளே நடப்பதைச் சொல்லிவிடுகிறேன், சொல் தானாக வரும். வடி என்பது கார்டியரைட் பீங்கானால் ஆன தேன்கூட்டுக் கட்டை. ஒரு சதுர அங்குலத்தில் பெரும்பாலும் 200 முதல் 300 கண்கள். ஒரு கண்ணுக்கு வாய் அடைத்திருக்கும், அடுத்ததற்குக் கடைக்கோடி அடைத்திருக்கும். ஆகவே புகை நேராகப் போக முடியாது. சுவரின் நுண்துளைகளுக்குள் புகுந்துதான் பக்கத்துக் கண்ணுக்குப் போகும். துகள் சுவரில் தங்கிவிடும். நேரடி ஊசிப் பெட்ரோல் எஞ்சினில், அதாவது சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைப் பீய்ச்சும் எஞ்சினில், இந்தத் துகளின் பெரும்பகுதி குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய முதல் ஓரிரு நிமிடங்களில் வருவது. பிஸ்டன் தலையிலும் சிலிண்டர் சுவரிலும் பெட்ரோல் ஈரமாக ஒட்டி, ஆவியாகாமல் அரைகுறையாக எரிவதுதான் காரணம்.

படிந்த கரி எரிய இரண்டு வேண்டும்: ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் சூடு, ஆக்ஸிஜன். டீசல் புகையில் ஆக்ஸிஜன் தாராளம், சூடு போதாது. பெட்ரோலில் தலைகீழ். சூடு இருக்கும், ஆனால் புகையின் நச்சு வாயுக்களை மாற்றும் மும்முனை வினையூக்கி வேலை செய்வதற்காகக் காற்றையும் பெட்ரோலையும் சரிவிகிதத்தில் வைப்பதால் புகையில் ஆக்ஸிஜன் ஒரு சதவீதம்கூட மிஞ்சாது. டீசல் வடியில் குறைந்த சூட்டிலேயே கரியைத் தின்னும் நைட்ரஜன் டை ஆக்ஸைடும் இங்கே கிடைக்காது.

அப்படியானால் ஆக்ஸிஜன் எப்போது வரும்? ஓட்டுநர் கியரில் வைத்தபடி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது. அந்த நேரத்தில் இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) பெட்ரோலை அடியோடு நிறுத்துகிறது. சக்கரம் எஞ்சினைச் சுழற்றுகிறது. எஞ்சின் வெறும் காற்றை, அதாவது 21 சதவீத ஆக்ஸிஜனை, சூடான வடிக்குள் தள்ளுகிறது. கரி எரிகிறது. இதுதான் 'பேசிவ்'. இப்படி எரிந்தது போதாது என்று கணக்கிட்டால், இசியு தீப்பொறியைத் தாமதித்துப் புகையின் சூட்டை ஏற்றும், கலவையில் காற்றைச் சற்றே கூட்டும். இது 'ஆக்டிவ்'.

தமிழில் இதற்கு இரண்டு அடைமொழி தேவையே இல்லை. எரிவு தன்வினை, எரிப்பு பிறவினை. தானாக நடப்பது 'கரியெரிவு'. எஞ்சின் நடத்துவது 'கரியெரிப்பு'. இரண்டு சொல்லில் முடிந்தது.

– ந.

———

மறு: மறு: பெட்ரோல் துகள் வடிகட்டி

வணக்கம். ஜேர்மனியில் கராஜ் வேலையில் இருந்து எழுதுகிறேன்.

> தானாக நடப்பது 'கரியெரிவு'. எஞ்சின் நடத்துவது 'கரியெரிப்பு'

இலக்கணம் அழகு அண்ணை, ஆனால் வேலைக்கு உதவாது. இரண்டுக்கும் நடுவே ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். ஃபோனில் ஒருவருக்குச் சொல்லும்போது 'எரிவு நடக்கவில்லை' என்றேனா 'எரிப்பு நடக்கவில்லை' என்றேனா என்று கேட்பவருக்குப் பிடிபடாது. முதலாவது நடக்கவில்லை என்றால் ஓடும் விதத்தை மாற்றச் சொல்லுவோம். இரண்டாவது நடக்கவில்லை என்றால் சென்சாரைப் பார்ப்போம்: வடிக்கு முன்னும் பின்னும் அழுத்தம் எடுக்கும் இரண்டு சிறு குழாய்களில் ஒன்று வெடித்திருக்கும், கழன்றிருக்கும், அல்லது உள்ளே தண்ணீர் தேங்கிக் குளிருக்கு உறைந்திருக்கும். வைத்தியமே வேறு. பி2463 என்று பழுதுக் கோட் வந்தால் கரி கூடிப் போச்சு, பி2002 என்றால் வடி பிடிக்கிற வேலையைச் செய்யவில்லை, அநேகமாக வெடிப்பு. பின்னதை எந்த எரிப்பும் திருத்தாது.

மூன்றாவது ஒன்றையும் விட்டுவிட்டீர்கள். கம்ப்யூட்டரைப் பொருத்திக் கராஜில் வலிந்து எரிக்கிறது. அதற்கும் சொல் வேண்டும். ஆகவே 'தானெரிவு', 'எஞ்சின் எரிப்பு', 'கராஜ் எரிப்பு' என்று, யார் எரிக்கிறார் என்பதைச் சொல்லிலேயே வைத்தால் குழப்பம் இல்லை.

'தன்சுத்திகரிப்பு' வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடு; காரணம் சாம்பல். கரி எரிந்துபோகும், சாம்பல் போகாது. ஒயிலில் உள்ள கல்சியம், மக்னீசியம், சிங்க், பொசுபரசு எல்லாம் எரிந்து வடியில் நிரந்தரமாகக் குந்திவிடும். ஒரு கணக்கு: 1,000 கிலோமீட்டருக்கு 100 மில்லி ஒயில் குடிக்கிற எஞ்சின் 1,00,000 கிலோமீட்டரில் 10 லீற்றர் குடிக்கும், ஏறக்குறைய 8.5 கிலோ. ஏசிஇஏ என்கிற ஐரோப்பியத் தரவரிசையில் சி3, சி5 போன்ற ஒயில்களில் சல்பேற்றுச் சாம்பல் அளவு 0.8 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. அந்தக் கணக்கில் கூடினால் 68 கிராம். 1.2 சதவீதம் உள்ள ஏ3/பி4 ஒயில் என்றால் 100 கிராம் தாண்டும். இதில் ஒரு பங்குதான் வடியில் தங்கும் என்றாலும் விகிதம் அதேதான். மாங்கனீசு கலந்த ஒக்டேன் கூட்டிப் போத்தல்களும் சாம்பல்தான் தரும். 'சுத்திகரித்தது' என்று திரை சொன்னால், ஒயிலைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்?

இதில் ஒரு வேடிக்கை: கொஞ்சச் சாம்பல் நல்லது. புத்தம்புது வடி அவ்வளவு நன்றாகப் பிடிக்காது. சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிச் சுவரில் மெல்லிய சாம்பல் படலம் வந்த பிறகுதான் நன்றாகப் பிடிக்கும்.

கருவியின் பெயர் 'துகள்வடி' எனக்குச் சம்மதம். ஜேர்மன்காரர் பெற்றோல் எஞ்சினை ஓட்டோ எஞ்சின் என்பதால் இதை 'ஓட்டோ' வடி என்பார்கள். நாங்கள் அப்படியே எழுதினால் யாழ்ப்பாணத்தில் மூன்றுசில்லு வண்டிக்கு ஏதோ பூட்டுகிறார்கள் என்று நினைப்பார்கள்.

– சி.

———

மறு: மறு: மறு: பெட்ரோல் துகள் வடிகட்டி

சி. சொல்வதே சரி. 'தானெரிவு' நல்ல சொல், என்னுடையதை விட்டுவிடலாம். 'கராஜ்' தமிழ்நாட்டில் வண்டி நிறுத்தும் கொட்டகையையும் குறிக்கும். 'பணிமனை எரிப்பு' இரு கரைக்கும் பொதுவாக இருக்கும்.

மீளுருவாக்கம் வேண்டாம் என்பதற்கு இன்னொரு வலுவான காரணம் ஹைப்ரிட். பிரேக் பிடிக்கும்போது பேட்டரிக்கு மின்சாரம் திரும்புவதற்கும் ஆங்கிலத்தில் இதே வேர்ச்சொல். ஒரே திரையில் இரண்டும் வரும். 'மீளுருவாக்கம் நடக்கிறது' என்றால் பேட்டரி ஏறுகிறதா, கரி எரிகிறதா? அதிலும் ஹைப்ரிட்டில் இவை ஒன்றுக்கொன்று எதிர்ப்பட்டவை. வேகம் குறைக்கும் வேலையை மின்மோட்டார் எடுத்துக்கொண்டு எஞ்சினை நிறுத்திவிட்டால் வடிக்குக் காற்றே போகாது. தானெரிவு நடக்க வழியில்லை. எஞ்சின் அடிக்கடி குளிர்ந்து கிளம்புவதால் கரியும் கூடும். பெட்ரோலைக் கொடுக்காமல் எஞ்சினை வேண்டுமென்றே சுழற்றுவது மாதிரியான ஏற்பாட்டை மென்பொருளில் வைத்தாக வேண்டும்.

இன்னும் இரண்டு சொல் சேர்க்க வேண்டும். பெட்ரோலை நிறுத்துவதற்கு 'எரிபொருள் துண்டிப்பு'. காலை எடுத்தபின் கியரில் ஓடுவதற்கு 'காலெடுப்போட்டம்'. நீளம்தான், ஆனால் 'உருட்டல்' என்று எழுதவே கூடாது. நம் ஊரில் உருட்டல் என்றால் நியூட்ரலில் விடுவது. மலை இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று பலரும் நியூட்ரலுக்குத் தட்டுகிறார்கள். அதில் மிச்சமும் இல்லை: நியூட்ரலில் எஞ்சின் அணையாமலிருக்கப் பெட்ரோல் குடிக்கும், கியரில் இறங்கினால் துண்டிப்பு வரும், ஒரு துளி செலவாகாது. வடிக்குக் காற்றும் கிடைக்கும். ஆட்டோமேட்டிக் வண்டிகளில் இக்கோ நிலை தானாகவே கிளட்சை விடுவித்து உருட்டிவிடும். வடி விளக்கு எரிந்தால் இக்கோவிலிருந்து எஸ் (ஸ்போர்ட்) நிலைக்கு மாற்றுவது இதற்காகத்தான்.

விளக்கு எரிந்தால் செய்ய வேண்டியது ஏறத்தாழ இது. எஞ்சின் நன்கு சூடானதும் நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டரோ அதற்கு மேலோ, நடுத்தரச் சுழற்சியில் ஒரு பத்துப் பதினைந்து நிமிடம். நடுநடுவே, பின்னால் வண்டி இல்லாதபோது, கியரில் வைத்தபடி சில விநாடி காலை எடுத்துவிட்டு மறுபடி அழுத்த வேண்டும். எடுத்தது எடுத்தபடியே நீண்ட இறக்கம் இறங்கினால் குளிர்காற்று வடியை ஆற்றிவிடும், எரிவு நடுவிலேயே நின்றுபோகும். சூடு, காற்று, சூடு, காற்று என்று மாற வேண்டும். கையேட்டில் வேறு வேகம் சொல்லியிருந்தால் அதுவே முடிவு. டீசல் வண்டிக்காரர் பழக்கத்தில், காலை எடுக்காமல் ஒரே வேகத்தில் நூறு கிலோமீட்டர் விரட்டினால் பெட்ரோல் வடிக்கு அவ்வளவு பயன் இல்லை.

விளக்கைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் கையேட்டில் ஒரு வரி வேண்டும். அளவுக்கு மீறிக் கரி சேர்ந்தபின், வேகமாக ஏற்றம் ஏறிச் சட்டென்று காலை எடுத்தால், மொத்தக் கரியும் ஒரே மூச்சில் பற்றும். சூடு 1,000 டிகிரிக்கு மேல் போய்ப் பீங்கான் வெடிக்கும், சில நேரம் உருகும். அதைத் தவிர்க்க இசியு துண்டிப்பையே தடுத்துவைக்கும். காலை எடுத்தும் எஞ்சின் பிரேக் குறைவாக இருப்பதுபோல் ஓட்டுநருக்குத் தோன்றும். அது பழுது இல்லை, பாதுகாப்பு.

– ந.

———

மறு: மறு: மறு: மறு: பெட்ரோல் துகள் வடிகட்டி

எழுத்து பற்றி மட்டும். 'கரி' தனியாக நின்றால் ஆபத்து. பேச்சில் கரியும் கறியும் ஒன்றாகிவிட்டன. திரையை வாசித்துச் சொல்லும் குரல் 'கரி எரிகிறது' என்றால் அடுப்பு நினைவு வரும். முதல் முறை 'புகைக்கரி' என்று எழுதி, பிறகு 'கரி' எனலாம். 'கரிநீக்கம்' என்று யாரும் சுருக்க வேண்டாம். பணிமனைகளில் 'டீகார்பன்' என்று விற்கும் எஞ்சின் கழுவலோடு கலந்துவிடும்.

இன்னொன்று: தமிழ்நாட்டு வாசகர் இதைச் சீமைச் சரக்கு என்று ஒதுக்கக் கூடாது. பாரத் 6 புகை விதியில் நேரடி ஊசிப் பெட்ரோல் வண்டிக்கு 2020 ஏப்ரலிலிருந்து மூன்றாண்டுகள் கிலோமீட்டருக்கு 6 லட்சம் கோடி துகள் வரை விட்டுக்கொடுத்தார்கள்; அதன்பின் வரம்பு 60,000 கோடி. ஐரோப்பாவின் யூரோ 6 எண்ணும் அதேதான். பழைய முறையில் உள்ளிழு குழாயில் ஊசி வைத்த பெட்ரோல் எஞ்சின்களுக்கு இந்த எண்ணிக்கை வரம்பு இல்லை என்பதையும் அடிக்குறிப்பாகப் போடலாம். எல்லாப் பெட்ரோல் வண்டியிலும் துகள்வடியைத் தேடுவார்கள்.

– மா.

———

மறு: மறு: மறு: மறு: மறு: பெட்ரோல் துகள் வடிகட்டி

அனைவருக்கும் நன்றி. பட்டியலில் ஏற்றியவை: பெட்ரோல் துகள்வடி, புகைக்கரி, தானெரிவு, எஞ்சின் எரிப்பு, பணிமனை எரிப்பு, எரிபொருள் துண்டிப்பு, காலெடுப்போட்டம், வடிச்சாம்பல். ரீஜெனரேஷனுக்குப் பொதுச்சொல் 'கரியெரிப்பு'.

திரையில் வரும் எச்சரிக்கைக்கு இரண்டு வரிதான் இடம்:

'துகள்வடி: கரி மிகுந்துள்ளது. நெடுஞ்சாலையில் ஓட்டவும்.'

– இரா.

———

மறு: பெட்ரோல் துகள் வடிகட்டி

இரண்டாவது வரி டீசலுக்குச் சரி. பெற்றோலுக்கு இப்படிப் போடுங்கோ:

'துகள்வடி: கரி மிகுந்துள்ளது. சூடாக ஓட்டி, கியரில் காலெடுக்கவும்.'

'நியூட்ரல் வேண்டாம்' என்பதற்கும் இடம் கிடைத்தால் சேருங்கோ. கிடைக்காவிட்டால் கையேட்டின் அதே பக்கத்தில் முதல் வரியாக வரட்டும்.

– சி.