அப்பாவோட டயாலிசிஸ் செலவு, காப்பீட்டு கார்டு பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு ரெண்டு கிட்னியும் ஃபெயிலியர், வாரத்துக்கு மூணு தடவை டயாலிசிஸ், திருச்சில ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரில காசு கட்டித்தான் பண்றோம். டயாலிசிஸ் காசு மட்டும்னா கூட எப்படியாவது சமாளிச்சிடலாம், ரத்தம் ஏற போடுற எரித்ரோபாய்டின் ஊசி, பிளட் டெஸ்ட், போக வர ஆட்டோ எல்லாம் சேர்ந்துதான் கழுத்தை நெரிக்குது. அம்மா வளையல், பொண்டாட்டி செயின் எல்லாம் அடகுல, அதுக்கு மேல வட்டிக்கும் வாங்கியாச்சு.

முதலமைச்சர் காப்பீட்டு திட்டத்துல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் கிடைக்கும், டயாலிசிஸும் வரும், ஆனா வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருக்கணும். என் சம்பளம் மாசம் 14,000, ரேஷன் கார்டு ஒண்ணுங்கிறதால விஏஓ அதையும் சேர்த்துதான் போடுவேங்கிறார். இந்த சம்பளத்துல அஞ்சு பேர் சாப்பிட்டு வைத்தியமும் பாக்கிற வீட்டை எப்படிங்க வசதியான குடும்பம்னு சொல்ல முடியும், மனசு ஆறவே மாட்டேங்குது.

அப்பா அம்மாவுக்கு தனி ரேஷன் கார்டு எடுத்தா வருமான சான்றிதழ் தனியா வாங்க முடியுமா? ஒரே வீட்ல இருந்துட்டு அப்படி வாங்கினவங்க யாராவது இருக்கீங்களா, என்னென்ன பேப்பர் கேட்டாங்க? ஜிஎச்ல பேர் குடுத்திருக்கோம், மெஷின் காலி இல்லைன்னு சொல்றாங்க, பக்கத்து தாலுகா ஆஸ்பத்திரில சேர்த்துப்பாங்களா? அந்த ஊசி மக்கள் மருந்தகத்துல கிடைக்குதா?

பணம் கேக்கலைங்க, வழி தெரிஞ்சா போதும். அடுத்த வாரம் தாலுகா ஆபீஸ் போறேன், அதுக்குள்ள சொன்னீங்கன்னா பெரிய உதவியா இருக்கும்.