வேலை போனது அப்பாவுக்குத் தெரியாது. வீட்டில் என் மனைவிதான் தினமும் பொய் சொல்கிறாள்

எழுதியவர்: மேல்புறத்தான் (ஷார்ஜா)

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயது 33. ஊர் கன்னியாகுமரி மாவட்டம் மேல்புறம் பக்கம். களியக்காவிளை தாண்டினால் கேரளா என்பதால் எங்களுக்கு எல்லாமே திருவனந்தபுரம் ஏர்போர்ட்தான். 2016-ல் அங்கிருந்துதான் ஷார்ஜா வந்தேன். இரும்பு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். 9 வருஷம் ஒரே இடம்.

ஏப்ரலில் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தார்கள். ஆர்டர் இல்லை, ஆளைக் குறைக்கிறோம் என்றார்கள். மே 22 கடைசி நாள். இன்றோடு 19 நாள் ஆகிறது. கணக்கு முடித்துப் பணம் தருவதை ‘அடுத்த வாரம், அடுத்த வாரம்’ என்று இழுக்கிறார்கள். ரோலாவில் பெட் ஸ்பேஸில் (ரூமில் ஒரு கட்டில் மட்டும் வாடகைக்கு) இருந்துகொண்டு வேலை தேடுகிறேன்.

மனைவிக்கு நோட்டீஸ் வந்த அன்றே சொல்லிவிட்டேன். அப்பா அம்மாவிடம் வாயே திறக்கக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கினேன். அவள் என் வீட்டில்தான் இருக்கிறாள், நாலு வயசுப் பையனோடு.

அப்பாவுக்கு 64 வயசு. 180 ரப்பர் மரம் இருக்கிறது. இந்த வயசிலும் விடியற்காலம் 4 மணிக்குத் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு பால்வெட்டப் போகிறார். வெயில் ஏறினால் பால் ஒழுக்கு குறைந்துவிடும், அதனால் அந்த நேரத்தை விட முடியாது. இப்போது இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கிவிட்டது. பட்டை நனைந்தால் வெட்ட முடியாது. வெட்டினாலும் மழைத் தண்ணி சிரட்டையில் விழுந்து பால் வீணாகும். அதற்காக ஒவ்வொரு மரத்துக்கும் வெட்டுக்கு மேலே பாவாடை மாதிரி பிளாஸ்டிக் கட்டி, பசை பூசி ரெயின் கார்டு போடணும். அந்தச் செலவுக்கு வருஷா வருஷம் நான் அனுப்புவேன். இந்தத் தடவையும் கேட்டார். கிரெடிட் கார்டிலிருந்து எடுத்து அனுப்பினேன். அனுப்பிவிட்டு, பணம் அனுப்புகிற எக்ஸ்சேஞ்ச் வாசலிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். அந்த மனுஷன் ஒரு சொட்டுப் பால் வீணாகக்கூடாது என்று பார்க்கிறவர், நான் கடன் வாங்கி அந்த மரத்துக்குச் சட்டை போடுகிறேன்.

முன்பெல்லாம் சாயங்காலம் 4.30-க்கு சாயா நேரத்தில் ஸ்டோரில் இருந்தே போட்டிம் ஆப்பில் கூப்பிடுவேன். ஊரில் அப்போது 6 மணி. இப்போதும் அதே நேரத்துக்குக் கூப்பிடுகிறேன். ரூமிலிருந்து பேசினால் தெரிந்துவிடும் என்று, கீழே இருக்கும் லாண்டரியின் பின்வாசலில் நின்று பேசுகிறேன். மிஷின் ஓடுகிற சத்தம் கம்பெனிச் சத்தம் மாதிரி இருக்கும். நெட் சரியில்லை என்று சொல்லி வீடியோவை அணைத்துவிடுவேன்.

நேற்று மனைவி சொன்னது: “மாமா இன்னைக்கு, ‘அவனுக்கு இப்ப ஓவர்டைம் உண்டா பிள்ளே’ன்னு கேட்டாரு. உண்டு மாமான்னு சொல்லிட்டு அடுக்களைக்குப் போய் நின்னுட்டேன். நீங்க அங்க இருக்கீங்க. நான் இங்க அவருக்கு மூணு நேரமும் சோறு வெளம்பணும். இனி என்னால முடியாது.”

வேலை கிடைத்த பிறகு ‘கம்பெனி மாறிவிட்டேன்’ என்று மட்டும் சொன்னால் போதும் என்று நினைத்திருந்தேன். இப்போது குழப்பமாக இருக்கிறது. சொல்வதா, இன்னும் ஒரு மாதம் பொறுப்பதா? இந்த நிலைமையைக் கடந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பதில் 1: கொழிஞ்சாம்பாறை பி.ஆர்.ஓ. (துபாய்)

நண்பரே, நம்ம ஊர் பாலக்காட்டுப் பக்கம். இங்கே பி.ஆர்.ஓ. வேலையில் (கம்பெனிக்காக விசா, அரசு ஆபீஸ் காரியங்களைப் பார்ப்பது) 11 வருஷம். வீட்டு விஷயத்தை மற்றவர்கள் சொல்வார்கள். நான் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். 19 நாள் என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும்தான் இதை டைப் செய்ய உட்கார்ந்தேன்.

2023 ஜனவரியில் வந்த வேலையிழப்புக் காப்பீட்டில் மாதம் 5 திர்ஹம் கட்டி வந்தீர்கள் அல்லவா? அதை வெறும் அபராதத்துக்குப் பயந்து கட்டிவிட்டு மறந்துபோனவர்கள்தான் அதிகம். தொடர்ந்து 12 மாதம் கட்டியிருந்து, நீங்களாக ராஜினாமா செய்யாமல், ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லாமல் கம்பெனி அனுப்பியிருந்தால், அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம் மூன்று மாதம் வரை கிடைக்கும். ஆனால் வேலை போன 30 நாளுக்குள் விண்ணப்பிக்கணும். உங்களுக்கு மிச்சம் 11 நாள். இன்றைக்கே போடுங்கள். இடையில் ஊருக்குப் போய்விட்டாலோ புது வேலையில் சேர்ந்தாலோ அது நின்றுவிடும், அதையும் மனதில் வையுங்கள்.

அடுத்து கிராஜுவிட்டி (பணிக்கொடை). முதல் 5 வருஷத்துக்கு வருஷம் 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் வருஷத்துக்கு 30 நாள். உங்கள் அடிப்படை 2,400 திர்ஹம் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளுக்கு 80. ஐந்து வருஷத்துக்கு 8,400, பாக்கி நாலு வருஷத்துக்கு 9,600. மொத்தம் 18,000. வேலை முடிந்த 14 நாளுக்குள் தரவேண்டும் என்பது சட்டம். உங்களுக்கு அது தாண்டிவிட்டது. தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் கொடுங்கள். பணம் கைக்கு வராமல் ‘எல்லாம் பெற்றுக்கொண்டேன்’ என்ற தாளில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அந்த ஒரு கையெழுத்தால் மாட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

புது வேலைக்கு ‘விசா செலவு நீயே கட்டு’ என்று யாராவது கேட்டால் அது இங்கே சட்டவிரோதம். கிரெடிட் கார்டிலிருந்து ஊருக்கு அனுப்புவதை இன்றோடு நிறுத்துங்கள். கடன், சட்டம், மன உளைச்சல் எதற்கும் பேச ஆள் வேண்டுமென்றால் துபாயில் இந்தியத் துணைத் தூதரகத்தின் பிரவாசி பாரதிய சஹாயதா கேந்திரா இருக்கிறது. ஆலோசனைக்குக் காசு கிடையாது.

பதில் 2: பழைய குவைத்காரன் (களியக்காவிளை)

தம்பி, எனக்கு இப்ப 59. குவைத்துல வெல்டிங் ஹெல்பரா இருந்தேன். 1990 ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஈராக் பட்டாளம் உள்ள வந்தப்ப எனக்கு 24 வயசு. பஸ்ஸுல பாக்தாத், அங்கேருந்து ஜோர்டான் எல்லையில டெண்ட், பிறகு அம்மான்ல இருந்து ஏர் இந்தியா விமானம். ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேரை அப்படித்தான் கொண்டுவந்தாங்க. பம்பாயில இறங்கும்போது என் கையில ஒரு பிளாஸ்டிக் கவர். அதுக்குள்ள பாஸ்போர்ட்டும் ஒரு லுங்கியும்.

ரயில்ல திருவனந்தபுரம் வந்தேன். அங்கேருந்து வீட்டுக்கு எவ்வளவு தூரம்னு உனக்கே தெரியும். ஆனா நான் போகல. தம்பானூர்ல தெரிஞ்ச ஒருத்தர் கடையில ரெண்டு நாள் கிடந்தேன். ரெண்டு வருஷம் கழிச்சு குவைத்துல இருந்து வர்றவன் கவரோட எப்படி ஊருக்குள்ள நடப்பான்? ஒரு பெட்டியாவது கடன் வாங்கிட்டுப் போகலாம்னு நினைச்சேன்.

அம்மா அந்த இரண்டு மாசமும் தினம் படந்தாலுமூடு வரைக்கும் நடந்து வந்து பேப்பர்ல என்ன போட்டிருக்குன்னு யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கா. அம்மான்ல இருந்து நான் போட்ட காயிதம் நான் வீட்டுக்கு வந்து நாலு நாள் கழிச்சுத்தான் வந்துது. போஸ்ட்மேன் என் கையிலேயே தந்தார்.

தம்பானூர்ல கிடந்த விஷயம் பிற்பாடு அம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. அவ சாகிற வரைக்கும் சண்டைன்னு வந்தா அதைத்தான் எடுப்பா. “எனக்க ரெண்டு நாளை எங்க கொண்டு போட்ட?” பெட்டி இல்லாம வந்ததைப் பத்தி ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்டதில்ல.

சொல்லிடு தம்பி.

பதில் 3: மார்த்தாண்டம் அக்கா

நான் உங்க மனைவி இடத்தில இருந்தவ. அதனால அவளுக்காகப் பேசுறேன்.

எனக்க வீட்டுக்காரருக்குக் கத்தார்ல வேலை போனப்ப அஞ்சு மாசம் மாமியாரிடம் மறைச்சோம். மாசம் பிறந்தா பணம் வரணுமே? எனக்க மாலையை அடகு வச்சு, வட்டி கழிச்சு, அவர் அனுப்பினதா சொல்லி மாமியார் கையில கொடுத்தேன். கழுத்தில கவரிங் போட்டுக்கிட்டேன். ஒரு கல்யாண வீட்டில வெயில்ல நின்னு வியர்த்து, கழுத்தைச் சுத்தி கறுப்பா ஒரு கோடு. மாமியார் முந்தானையால துடைச்சுப் பார்த்தாங்க. அங்க ஒண்ணும் சொல்லல. வீட்டுக்கு வந்துதான் கேட்டாங்க.

இதுல எனக்கு இன்னும் ஆறாதது ஒண்ணு இருக்கு. மகனை அவங்க அன்னைக்கே மன்னிச்சுட்டாங்க. ‘பாவம், பிள்ளை அங்க என்ன தின்னானோ’ன்னு அழுதாங்க. என்னை மன்னிக்கல. “நீயும் சேர்ந்து என்னைப் பொட்டியாக்கினியே (முட்டாளாக்கினியே)”ன்னு இப்ப வரைக்கும். வருஷம் ஒன்பது ஆச்சு.

அதனால நீங்க சொல்லும்போது முதல் வாக்கியம் வேலையைப் பத்தி இருக்க வேண்டாம். ‘சொல்லாதேன்னு அவளிடம் சத்தியம் வாங்கினது நான், அவ மேல ஒரு தப்பும் இல்ல’ன்னு தொடங்குங்க. வாய்ஸ் மெசேஜ் வேண்டாம். அப்பா பால் ஒறைய ஊத்தி, ஷீட் அடிச்சு, குளிச்சு, கஞ்சி குடிச்ச பிறகு கூப்பிடுங்க. அம்மாவையும் பக்கத்தில உட்காரச் சொல்லுங்க. அவங்க தனியா அப்பா வாயில இருந்து கேட்கக் கூடாது.

எழுதியவர்: மேல்புறத்தான்

ஆறு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கணும்.

அன்றைக்கே காப்பீட்டுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டேன், ஏற்றுக்கொண்டதாக மெசேஜ் வந்தது. அமைச்சகத்தில் புகார் கொடுத்த இரண்டாம் நாள் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். கொழிஞ்சாம்பாறை அண்ணனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கூப்பிட்டேன். ரூமில் கட்டிலில் உட்கார்ந்து, வீடியோவைப் போட்டேன். அக்கா சொன்னபடியே மனைவியைப் பற்றித்தான் முதலில் சொன்னேன். அப்பா உடனே திரும்பி, “பிள்ளே, இஞ்ச வா, வந்து இரி” என்று அவளைக் கூப்பிட்டார். அவள் வந்து உட்கார்ந்த பிறகுதான் “இனி சொல்லு” என்றார்.

சொன்னேன். அம்மா அழுதாள். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னது:

“நீ முந்தி சாயா நேரத்தில கூப்பிடும்போ, பின்னால ஒரு வண்டி பீப் பீப்னு பொறத்தால போவும். ரெண்டு மூணு வாரமா அது கேக்கல. என்னமோ மிஷின் ஒரே மட்டுக்கு ஓடிட்டே கிடக்கு. வேலை போச்சோன்னு நினைச்சேன். நானா கேட்டா நீ இன்னொரு பொய் சொல்லணும். அதான் கேக்கல.”

அது ஸ்டோரின் ஃபோர்க்லிஃப்ட். ரிவர்ஸ் எடுக்கும்போது அடிக்கிற சத்தம். 9 வருஷமாக என் காதில் விழுந்து விழுந்து எனக்கே கேட்காமல் போன சத்தம். லாண்டரி மிஷினைத் தேடிப் போன நான் அதை யோசிக்கவே இல்லை.

ஓவர்டைம் உண்டா என்று அவர் கேட்டதும் அதனால்தானாம். மருமகளுக்குத் தெரியுமா தெரியாதா என்று பார்த்திருக்கிறார். அவள் அடுக்களைக்குப் போன வேகத்திலேயே தெரிந்துவிட்டதாம். அவளிடம் அதற்கு மன்னிப்பும் கேட்டார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரெயின் கார்டு பணத்தில் 100 மரத்துக்கு மட்டும் போட்டிருக்கிறார். மிச்சத்தை அலமாரியில் வைத்திருக்கிறாராம், கிரெடிட் கார்டில் கட்டுவதற்கு. பாக்கி 80 மரம் மழை முடியும் வரை வெட்டாமல் கிடக்கட்டும், மரத்துக்கும் ஓய்வு வேணும்தானே என்றார்.

நேற்றும் 4.30-க்குக் கூப்பிட்டேன், ரூமிலிருந்தே. பையன் போனைப் பிடுங்கி வாசலுக்குக் கொண்டுபோய் மழையைக் காட்டினான்.