மணிக்கட்டுக்கு முந்தி வரும் முடிவும் நான்காவது டவுனும்

டெட்ராய்ட் நகரின் புறநகர்ப் பகுதியில் பல ஆண்டுகளாக வசித்து, லயன்ஸ் அணியின் வெற்றி தோல்விகளோடு வாழப் பழகிவிட்ட எனக்கு, ஸ்மார்ட் வாட்ச்சின் மீதுள்ள குறை அதன் விலையைப் பற்றியதோ பேட்டரியைப் பற்றியதோ அன்று. அமெரிக்கக் கால்பந்து பார்க்கும்போது அது முந்திக்கொள்கிறது என்பதே என் குறை. இணையவழியில் பார்க்கும் ஆட்டம், மைதானத்தில் நடப்பதைவிட அரை நிமிடம் வரையிலோ சில சமயம் அதற்கும் மேலோ பிந்தித்தான் நம் திரைக்கு வந்து சேர்கிறது. ஆன்டெனா வைத்துப் பார்ப்பவருக்கு அவ்வளவு தாமதம் இல்லை. அவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சொல்லைத் தட்டிவிட்டால் போதும், பயிற்சியாளர் யோசித்துக்கொண்டு நிற்பதை நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவர் எடுக்கப்போகும் முடிவு என்ன ஆயிற்று என்பது நம் மணிக்கட்டில் அதிர்ந்துவிடும்.

2024 ஜனவரி 28 அன்று நடந்ததைச் சொல்கிறேன். சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை ஒருமுறைகூட எட்டியிராத லயன்ஸ், சான் ஃபிரான்சிஸ்கோ அணியை வென்றால் அங்கே போய்விடலாம் என்ற நிலை. நண்பர் வீட்டு பேஸ்மென்ட்டில் கூடியிருந்தோம். பாதிப்பேர் கையில் ஸ்மார்ட் வாட்ச் இருந்தது, மீதிப்பேர் கையில் இல்லை. இடைவேளையில் 24-7 என்று முன்னிலையில் இருந்த லயன்ஸ், மூன்றாவது கால்பகுதியில் 24-10 என்றிருந்தபோது, எதிரணியின் 28 யார்டு கோட்டருகே நான்காவது டவுனில், அதாவது பத்து யார்டு முன்னேறத் தரப்படும் நான்கு வாய்ப்புகளில் கடைசியில், வந்து நின்றது. தேவைப்பட்டது இரண்டே யார்டு. பந்தை உதைத்து மூன்று பாயின்ட் எடுக்கலாம், அல்லது பந்தை எதிரணியிடம் இழக்கும் ஆபத்தோடு அந்த இரண்டு யார்டுக்காகத் துணிந்து விளையாடலாம். பயிற்சியாளர் டான் கேம்ப்பெல் உதைக்கும் ஆட்டக்காரரை அனுப்பவில்லை.

அந்த நேரத்தில் குழுவில் வந்த செய்தி "போச்சு" என்ற ஒற்றைச் சொல். திரையில் பந்து இன்னும் கைமாறவே இல்லை. வாட்ச் கட்டியிருந்தவர்களில் ஒருவர், "எதுக்கு இந்த வீம்பு? மூணு பாயின்ட்டை வாங்கிட்டு வரவேண்டியதுதானே!" என்று சலித்துக்கொண்டார். வாட்ச் இல்லாத பெரியவர் ஒருவரோ, "விடாதே, இதுதான் சரி" என்று நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார். இருவரும் பார்த்தது ஒரே திரையை, ஒரே பயிற்சியாளரை. லயன்ஸின் ஜாரெட் காஃப் வீசிய பந்து சக வீரர் ஜோஷ் ரெனால்ட்ஸின் கைக்கு வந்து நழுவி விழுந்தபின், பெரியவர் குறைசொன்னது பந்தைத் தவறவிட்டவரை. வாட்ச் கட்டியிருந்தவர் திட்டிக்கொண்டிருந்தது பயிற்சியாளரை. எனக்குப் பெரியவரின் பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் பட்டது. முதல் டவுனை, அதாவது புதிதாக நான்கு வாய்ப்புகளை, பெற்றுத் தந்திருக்கக்கூடிய பந்து கைக்கு வரும்படி ஓர் ஆட்டத்தை வகுத்துக் கொடுப்பதுவரைதான் பயிற்சியாளரால் முடியும்.

அதன்பிறகு எதிரணி வீசிய நீளமான பந்து, லயன்ஸ் வீரர் ஒருவரின் ஹெல்மெட் முகக்கம்பியில் பட்டுத் தெறித்து, எதிரணியின் பிராண்டன் அயூக்கின் கைக்குப் போய், 51 யார்டைப் பெற்றுத் தந்தது. இதை எந்தப் பயிற்சியாளரும் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது. பின்னர் 27-24 என்று பின்தங்கியிருந்தபோதும் கேம்ப்பெல் நான்காவது டவுனில் உதைக்காமல் விளையாடச் செய்தார், அதுவும் பலிக்கவில்லை. 34-31 என்று ஆட்டம் போயிற்று. இதற்கிடையே நண்பரின் வாட்ச், அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தும் இதயத் துடிப்பு 120-ஐத் தாண்டுகிறது என்று எச்சரித்தது. அன்று அது சொன்னவற்றில் இதற்குமட்டும் என்னால் குறைசொல்ல முடியவில்லை.

பக்கக்கோட்டில் நிற்கும் பயிற்சியாளருக்கு இந்த வசதிகள் எதுவும் கிடையாது. கைபேசிக்கும் ஸ்மார்ட் வாட்ச்சுக்கும் அங்கே இடமில்லை. பந்தை வீசும் ஆட்டக்காரரான குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டில் 1994 முதல் அனுமதிக்கப்பட்டுள்ள ரேடியோகூட, அடுத்த ஆட்டத்தைத் தொடங்குவதற்கான 40 விநாடிக் கடிகாரத்தில் 15 விநாடி மீதமிருக்கும்போது துண்டிக்கப்பட்டுவிடும். ஆட்டத் திட்டங்களை அச்சிட்டு லேமினேட் செய்த ஓர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த 40 விநாடிக்குள் அவர் முடிவெடுக்க வேண்டும். முடிவு தெரிந்தபின் பேசும் நமக்கு அந்த நெருக்கடி இல்லை.

2015 பிப்ரவரி 1 சூப்பர் பவுலை எடுத்துக்கொள்ளுங்கள். கோல் கோட்டிலிருந்து ஒரு யார்டு தொலைவில், 26 விநாடி மீதமிருக்க, சியாட்டில் பயிற்சியாளர் பீட் கேரல், மார்ஷான் லிஞ்ச்சிடம் பந்தைக் கொடுத்து ஓடச்செய்யாமல் வீசச் சொன்னார். எதிரணியான நியூ இங்கிலாந்தின் மால்கம் பட்லர் அதைப் பறித்துக்கொண்டார். நியூ இங்கிலாந்து 28-24 என்று வென்றது. இன்றுவரை கேரலை ஏசுகிறார்கள். ஆனால் சியாட்டிலிடம் இருந்தது ஒரே ஒரு டைம்அவுட். ஓடித் தடுக்கப்பட்டால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும், வீசிய பந்து தரையில் விழுந்தால் நின்றுவிடும். ஆகவே மீதமிருந்த மூன்று வாய்ப்புகளையும் பயன்படுத்த வேண்டுமென்றால் இடையில் ஒருமுறையாவது வீசித்தான் ஆகவேண்டும். எந்த ஆட்டத்தை வகுத்தார் என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து உண்டு, வீசியதில் இல்லை. மூன்றாண்டு கழித்து நடந்த சூப்பர் பவுலில், நான்காவது டவுனில் ஒரு யார்டு தொலைவிலிருந்து, குவார்ட்டர்பேக் நிக் ஃபோல்ஸே பந்தைப் பிடிக்கும்படி ஒரு தந்திர ஆட்டத்துக்கு ஒப்புதல் தந்த ஃபிலடெல்ஃபியா பயிற்சியாளர் டக் பீடர்சனுக்கு, ஃபோல்ஸோடு அவர் பேசிக்கொண்டு நிற்பதுபோலவே ஃபிலடெல்ஃபியா மைதானத்துக்கு வெளியே சிலை வைத்தார்கள். ஃபோல்ஸ் கையிலிருந்து அந்தப் பந்து நழுவியிருந்தால் என்ன பேசியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

லயன்ஸின் சொந்த மைதானமான ஃபோர்டு ஃபீல்டுக்கே நேரில் போனால் இந்தத் தொல்லை இல்லை. அங்கே நெரிசலில் இணையம் திணறுவதால் அறிவிப்புகள் பிந்திவிடுகின்றன. உதைக்கும் அணி உள்ளே ஓட எழுந்து, கேம்ப்பெல் கையசைத்ததும் திரும்பி உட்காரும்போது, சுற்றியிருப்பவர்கள் தங்கள் அபிப்பிராயத்தைப் பந்து கைமாறுவதற்கு முன்பே கூவிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் வாட்ச் என்னிடம் தெரிவிப்பதெல்லாம் சத்தம் 90 டெசிபலைத் தாண்டிவிட்டது என்ற எச்சரிக்கை மட்டுமே.