காலையில் முதல் ரெண்டு நிமிடம் வண்டி உதறுகிறது, சூடானதும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது

கோத்தகிரிக்காரன்:
வணக்கம். வண்டி 2004 மாடல், 1.1 லிட்டர் பெட்ரோல், நாலு சிலிண்டர், எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோல் பீய்ச்ச ஒரு இன்ஜெக்டர்), ஓடியது 1,18,000 கிலோமீட்டர். அப்பா வாங்கியது, அதனால் விற்றுவிடச் சொல்லி யாரும் பதில் போட வேண்டாம். குளிர் ஆரம்பித்ததிலிருந்து காலையில் செல்ஃப் அடித்தால் உடனே பிடிக்கிறது, ஆனால் ஐட்லிங் நிற்பதில்லை, ஸ்டீயரிங்கெல்லாம் ஆடுகிற அளவுக்கு உதறல், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஆஃப். ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தபடி ரெண்டு மூன்று நிமிடம் உட்கார்ந்திருந்தால் சரியாகிவிடும், அப்புறம் நாள் முழுக்கத் தொந்தரவே இல்லை. பிளக் நாலும் புதுசு, த்ராட்டில் பாடி கழுவியாச்சு, ஃபியூவல் ஃபில்டரும் மாற்றியாச்சு. இப்போது மெக்கானிக் இன்ஜெக்டர் நாலையும் மாற்றலாம், 14 ஆயிரம் ஆகும் என்கிறார். செக் லைட் எரியவில்லை. மாற்றவா?

பழைய_இரும்பு:
மாற்றாதீர்கள் சார், கொஞ்சம் பொறுங்கள். நாலு கேள்வி. ஸ்டார்ட் ஆனதும் ஆர்பிஎம் எவ்வளவு? உதறும்போது நிறுத்திப் பிளக்கைக் கழற்றினால் ஈரமா, காய்ந்தா? சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா, அதில் இனிப்பு வாடை அடிக்கிறதா? கூலண்ட் குறைகிறதா? ராத்திரி முழுக்க இன்ஜெக்டர் சொட்டியிருந்தால் பிளக் நனைந்து பெட்ரோல் வாடை வரும். ஹெட் கேஸ்கட் வழியாகக் கூலண்ட் உள்ளே கசிந்தால் ஏதாவது ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ் ஆகி, புகையோடு கொஞ்ச நேரத்தில் சரியாகும்.

கோத்தகிரிக்காரன்:
ஆர்பிஎம் முதலிலிருந்தே 900-ஐத் தாண்டுவதில்லை. பிளக் நாலும் காய்ந்து வெளுப்பாகத்தான் இருக்கிறது. புகை இல்லை. கூலண்ட் மட்டும் ரெண்டு மாதத்துக்கு அரை டம்ளர் ஊற்றுகிறேன், பழைய வண்டிதானே என்று விட்டுவிட்டேன்.

சோக்_இழுத்த_காலம்:
இதெல்லாம் ஈ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் செய்கிற வேலை தம்பி. எத்தனால் ஆவியாக அதிகச் சூடு வேண்டும், குளிரில் முரண்டு பிடிக்கும். எங்கள் காலத்தில் சோக்கை இழுத்தோம், ஓடியது, சென்சாராவது மண்ணாவது.

பழைய_இரும்பு:
அண்ணே, பெட்ரோலும் தொந்தரவைக் கொஞ்சம் கூட்டலாம், மறுக்கவில்லை. ஆனால் பெட்ரோலைக் குறை சொன்னால் 900 ஆர்பிஎம்முக்கு யார் பதில் சொல்வது? குளிர்ந்த இரும்பில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, அதனால்தான் நீங்கள் சோக் இழுத்தீர்கள். இந்த வண்டியில் அதே வேலையை ஈசிஎம் (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) செய்கிறது, பெட்ரோலைக் கூட்டுகிறது, ஐட்லைத் தூக்குகிறது. கோத்தகிரிக் குளிருக்கு முதல் நிமிடம் 1200-லிருந்து 1500 வரை நின்று, பிறகு மெல்ல இறங்க வேண்டும். ஏறவே இல்லை, பிளக்கும் வெளுப்பு என்றால் பெட்ரோல் போதவில்லை, அதாவது இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருக்கிறது என்று ஈசிஎம் நம்பிக்கொண்டிருக்கிறது. அதற்கு அப்படிச் சொல்வது கூலண்ட் டெம்பரேச்சர் சென்சார். டேஷ்போர்டு முள் சரியாகக் காட்டுகிறதே என்று கேட்காதீர்கள், அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் முள்ளுக்குத் தனி சென்சார். காலையில் ஸ்டார்ட் செய்யாமல், கீயை மட்டும் ஆன் செய்து ஸ்கேனர் போட்டுப் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் கூலண்ட் சூடும் உள்ளே வரும் காற்றின் சூடும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

கோத்தகிரிக்காரன்:
மெக்கானிக்கின் ஸ்கேனரைக் கெஞ்சி வாங்கி வந்தேன். காற்று 13 டிகிரி. கூலண்ட் 47!! இன்றே சென்சார் வாங்கிவிடுகிறேன்.

மீட்டர்_கையில்:
அவசரப்படாதீங்க நண்பரே, சென்சாரை அளந்து பாருங்க முதலில். சொருகியைக் கழற்றிவிட்டு, சென்சாரின் ரெண்டு பின்னுக்கும் நடுவே மீட்டர் வைத்து ஓம் (மின்தடை) பாருங்க. பெரும்பாலான வண்டிகளில் 20 டிகிரிக்கு 2000-லிருந்து 3000 ஓம் வரை, 80 டிகிரிக்கு 300 பக்கம். குளிரக் குளிர ஏறும். உங்கள் ஊர் காலைக்கு 3000-க்கு மேல் வரணும்.

கோத்தகிரிக்காரன்:
3400 வருகிறது. அப்படியானால் சென்சார் நல்லதா? குழம்பிவிட்டேன்.

பழைய_இரும்பு:
சென்சார் நல்லதுதான், அது சொல்வதை நடுவில் யாரோ மாற்றிச் சொல்கிறார்கள். ஒயருக்குள் துரு ஏறினால் ஓம் கூடும், ஈசிஎம் இன்னும் குளிர் என்று நினைக்கும். உங்களுக்கு நேர்மாறு, ரெண்டு பின்னுக்கும் குறுக்கே ஏதோ ஈரம் பாலம் போட்டிருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: குறுக்கே 1200 ஓம் இருந்தால், குளிரில் 3400 என்பது 900-க்கும் கீழே போய் நிற்கும், ஆனால் சூட்டில் 300 என்பது 240-தான் ஆகும், ஈசிஎம்முக்குப் பெரிய வித்தியாசமே தெரியாது. சூடானதும் நல்லபடியாக ஓடுவது இதனால்தான். 47 டிகிரி என்பது நடக்கக்கூடிய அளவுதான், அதனால் செக் லைட்டும் எரியாது. சொருகிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அந்த அரை டம்ளர் கூலண்ட் எங்கே போகிறது என்றும்.

கோத்தகிரிக்காரன்:
மூன்று நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும், மழை. சொருகிக்குள் பச்சையாகப் பாசி மாதிரி ஒரு பொடி, ஈரத்தோடு. நேர் மேலே தெர்மோஸ்டாட் ஹோஸின் கிளிப் தளர்ந்து, அங்கிருந்து ஒயர் வழியாக வழிந்து உள்ளே இறங்கியிருக்கிறது, ஹோஸில் காய்ந்த கோடு கூடத் தெரிகிறது. கான்டாக்ட் கிளீனர் அடித்து, பழைய டூத் பிரஷால் தேய்த்து, ஹேர் டிரையரில் காயவைத்தேன். புது கிளிப் 40 ரூபாய். இன்று காலை ஸ்கேனரில் காற்று 11, கூலண்ட் 12. ஸ்டார்ட் செய்ததும் 1350-க்கு ஏறி அப்படியே நின்றது, நான் காலை எடுத்துவிட்டு வெளியே வந்து நின்று வேடிக்கை பார்த்தேன்.

சோக்_இழுத்த_காலம்:
சரி சரி, பெட்ரோலை விட்டுவிடுகிறேன். ஆனால் ஹோஸையும் மாற்றிவிடு தம்பி, கிளிப் தளர்ந்த இடத்தில் ரப்பர் உப்பியிருக்கும்.

கோத்தகிரிக்காரன்:
உப்பித்தான் இருக்கிறது அண்ணே, சொல்லிவிட்டேன், வருகிறது. இன்னொன்று, கழற்றும்போது சொருகியின் லாக் உடைந்துவிட்டது, இப்போதைக்கு டேக் போட்டுக் கட்டியிருக்கிறேன். ஒயரோடு சேர்த்து அந்தச் சொருகி மட்டும் தனியாகக் கிடைக்குமா?

மீட்டர்_கையில்:
கிடைக்கும், பழைய வண்டி பிரிக்கிற கடையில் கேளுங்க. ஒயரை ஒரு சாண் நீளம் விட்டு வெட்டித் தரச் சொல்லுங்க, முறுக்கி டேப் சுற்றாமல் சால்டர் வைத்து ஸ்லீவ் போடுங்க.