உப்பைத் தின்றவர் ஒருவர், தண்ணீர் குடிப்பவர் இன்னொருவரா?

கணக்கப்பிள்ளை:

தனியார் துறை ஆராய்ச்சிக்கென 1 லட்சம் கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது நினைவிருக்கும். நீண்ட காலத் தவணை, வட்டி குறைவு அல்லது அறவே இல்லை. பசுமைத் தொழில்நுட்பத்துக்கும் அதில் இடம் உண்டு என்றதும் என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் ஒரு திட்ட அறிக்கை முளைத்துவிட்டது. கோவையில் தணிக்கையாளராக இருக்கிறேன். பல அறிக்கைகளில் அட்டை மட்டும்தான் பச்சை.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். சுற்றுச்சூழல் தொழில்நுட்பத்துக்கு அரசுப் பணம் கூடாது. திருப்பூரையே பாருங்கள். 2010-11 மத்திய பட்ஜெட்டில் சாயக்கழிவை வெளியே விடாத சுத்திகரிப்புக்காக 200 கோடி ரூபாய் மானியம் அறிவித்தார்கள். 2011-ல் மாநில அரசு 200 கோடி வட்டியில்லாக் கடன் கொடுத்தது. எதற்கு? செய்யக் கூடாத ஒன்றைச் செய்யாமல் இருப்பதற்கு. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது இந்த நாட்டின் சட்டம் என்று, வேலூர்ப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும். இங்கே தின்றவருக்கு அரசு சர்பத் வாங்கிக் கொடுத்தது.

ஈரத்துணி:

சர்பத் குடித்தவன் பேசுகிறேன். எங்கள் சாயப் பட்டறை சிறியது, ஜாப் ஒர்க் மட்டும், அதாவது பிறர் துணிக்குக் கூலிக்குச் சாயம் போடுவது. 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் மூடச் சொல்லி உத்தரவு போட்டது. 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் மூடப்பட்டன. அந்த உத்தரவு தவறென்று நான் சொல்லவில்லை. கழிவை நிறுத்த 2006-லேயே கெடு வைத்தார்கள். 2009-ல் உச்ச நீதிமன்றம் மேலும் மூன்று மாதம் கொடுத்தது. நாங்கள் இழுத்தடித்தோம் என்பதும் உண்மை.

ஆனால் நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. இத்தனை பட்டறைகள் சேர்ந்த ஒரு தொழில் நகரம் சொட்டுக் கழிவையும் வெளியே விடக் கூடாது என்றபோது, போய்ப் பார்த்துவிட்டு அதேபோல் கட்டிக்கொள்ள எங்கும் ஒரு மாதிரி இல்லை. பட்டறைகள் சேர்ந்து நடத்தும் எங்கள் பொது சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்த ஒவ்வொரு விற்பனையாளரும் ஒவ்வொரு இயந்திரத்தைக் காட்டினார். வாங்கிப் போட்டோம், ஓடவில்லை, கழற்றினோம். வீட்டுப் பத்திரம் வங்கியில் இருந்தது. ஐயா, தெரிந்த இயந்திரத்துக்குக் கடன் வாங்குவது வேறு, நாட்டுக்காகச் சோதனை எலியாக நிற்பது வேறு. எலிக்குத் தீனி போட்டதைத்தான் நீங்கள் சர்பத் என்கிறீர்கள்.

பட்டறைகள் மூடியிருந்த மாதங்களில் பனியன் ஆர்டர் நின்றுவிடவும் இல்லை. துணி லாரி ஏறி வெளியூர்களுக்குப் போனது. கழிவு வேறு ஆற்றைத் தேடிக்கொண்டது, அவ்வளவுதான்.

கீழ்மடை:

தம்பிகள் இருவரும் 200 கோடி, 200 கோடி என்கிறீர்கள். எங்கள் கணக்கையும் சொல்லிவிடுகிறேன்.

திருப்பூருக்குக் கீழே, அந்தச் சாயக்கழிவு வந்து சேரும் நொய்யல் ஆற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணையை 1992-ல் கட்டி முடித்தார்கள். அணை வந்தால் பாசனக்காரன் மகிழ்வான். நாங்களோ சில ஆண்டுகளில் அதில் தண்ணீர் தேக்க வேண்டாம் என்று கேட்டு நீதிமன்றம் போனோம். அணையில் தண்ணீர் வேண்டாம் என்று கேட்ட ஆயக்கட்டுக்காரர்களை வேறெங்காவது பார்த்திருக்கிறீர்களா? ஷட்டரைத் திறந்தால் நுரை வரும். வாய்க்கால் தண்ணீர் காய்ந்த பிறகு வரப்பில் வெள்ளையாகப் பூத்திருக்கும். பேத்தி அதைத் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, “உப்பு தாத்தா” என்றாள். மாடு தொட்டியில் வாயை வைக்கும், தலையை உதறும், வைத்த வாயை எடுத்துவிடும். நான் மஞ்சளை விட்டேன், பிறகு நெல்லை விட்டேன். கடைசியில் தென்னை மட்டும் மிச்சம். அதிலும் குரும்பை நிற்கவில்லை.

இழப்பீட்டு ஆணையம் 2004-ல் கணக்குப் பார்த்தது. 68 கிராமங்கள், 28,596 விவசாயிகள், ஏறத்தாழ 25 கோடி ரூபாய். தணிக்கையாளர் ஐயாவே வகுத்துப் பார்க்கட்டும். தலைக்கு 9,000 ரூபாய்கூட வரவில்லை. இன்று ஒரு உழவு மாட்டின் விலைக்கே அது காணாது.

கெடுத்தவருக்கு 200 கோடி மானியம், 200 கோடி கடன். கெட்டவருக்கு 25 கோடி. புதிய தொழில்நுட்பத்தை ஊக்குவிப்பதை நான் எதிர்க்கவில்லை. எந்த வரிசையில் கொடுத்தார்கள் என்பதைத்தான் கேட்கிறேன்.

உப்புக்கணக்கு:

பொது சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் எட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். எல்லோரும் சாயம், சாயம் என்கிறோம். வில்லன் சாயம் இல்லை. நிறத்தை எடுத்துவிடலாம். பெரியவர் பேத்தி நக்கிப் பார்த்துச் சொன்னதுதான் சரியான பதில்.

பருத்தி நூலும் அதற்குப் போடும் சாயமும் தண்ணீரில் ஒன்றையொன்று தள்ளும். இரண்டுக்கும் ஒரே வகை மின்னூட்டம், நெகட்டிவ். அந்த விலகலை அடக்கிச் சாயத்தை நூலோடு ஒட்ட வைக்கத்தான் உப்பு. கருப்பு, கடும் நீலம் போன்ற அடர்நிறங்களுக்கு லிட்டருக்கு 60 முதல் 100 கிராம் வரை போடுவார்கள். கடல் நீரில் இருப்பதே லிட்டருக்கு 35 கிராம்தான். போட்ட உப்பில் ஒரு சிட்டிகையும் துணியில் தங்குவதில்லை, அத்தனையும் கழிவில் வந்துவிடும். பாக்டீரியாவைக் கொண்டு அதைத் தின்ன வைக்க முடியாது. எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் நல்ல தண்ணீரைப் பிரித்தெடுத்தால், மிச்சம் இன்னும் கெட்டியான உப்புத் தண்ணீர். அதைக் கொதிக்க வைத்து வற்றடிப்பதுதான் பழைய வழி. மின்சாரமும் விறகும் நிலையத்தின் வருமானத்தைத் தின்றுவிடும். கடைசியில் மிஞ்சுவது, விற்கவும் முடியாத, கொட்டவும் முடியாத கலவை உப்பு. கொட்டகையில் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருந்தோம். மழைக்காலத்தில் மூட்டை ஈரம் இழுத்துக் கசியும். தார்ப்பாய் போடுவதற்கென்றே இருவர் இருந்தார்கள்.

2011 மூடலுக்குப் பிறகு அருள்புரம் நிலையத்தில் வேறொன்றைச் செய்து காட்டினார்கள். உப்பை ஏன் காய்ச்ச வேண்டும்? பட்டறைக்கு எப்படியும் உப்புத் தண்ணீர்தானே வேண்டும்? கெட்டியான அந்தத் தண்ணீரையே சுத்தம் செய்து திருப்பி அனுப்பினால் உப்பு வாங்கும் செலவும் குறையும், காய்ச்சும் செலவும் குறையும். கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் அந்தத் தண்ணீரில் கால்சியம், மக்னீசியம் கொஞ்சம் கூடினாலும் ஷேடு மாறிவிடும். பழைய நிறத்தின் சாயல் துளி இருந்தாலும் வெளிர் நிறங்களுக்கு ஆகாது. நாங்கள் முதலில் கொடுத்தபோது கருப்புக்கு மட்டும் வாங்கிக்கொள்கிறேன் என்றார் ஒரு முதலாளி. கருப்பில் எதுவும் தெரியாதே! வெளிர் நீலத்துக்கு அவர் ஒத்துக்கொள்ள ஓராண்டுக்கு மேல் பிடித்தது.

என் வாதம் அந்த ஓராண்டைப் பற்றியது. யோசனையும் இருக்கிறது, இயந்திரமும் இருக்கிறது, முதல் லாட்டுத் துணி கெட்டுப்போனால் யார் பொறுப்பு? அதற்கு எந்த வங்கியும் கடன் தராது. அரசுப் பணம் போக வேண்டிய இடம் அதுதான். கான்கிரீட் தொட்டி கட்டுவதற்கு அல்ல. அந்த விஷயத்தில் கணக்கப்பிள்ளை ஐயாவுக்குப் பாதி மதிப்பெண் கொடுக்கிறேன்.

மூன்றாவது ஷிப்ட்:

வெளிநாட்டில் தண்ணீரே இல்லாமல் கார்பன் டை ஆக்சைடில் சாயம் போடுகிறார்களாமே. அதை இறக்குமதி செய்தால் இந்தச் சண்டையே வேண்டாமே?

உப்புக்கணக்கு:

நெதர்லாந்தில் ஒரு நிறுவனம் அந்த இயந்திரத்தைச் செய்து விற்கிறது. ஆனால் அது பாலியஸ்டருக்கு. பருத்திக்கு இன்னும் சரிப்படவில்லை. திருப்பூர் பெரும்பாலும் பருத்தி ஊர். பருத்தி நூலையே வேதிமாற்றம் செய்து உப்பில்லாமல் சாயமேற்றும் ஆய்வுகள் நடக்கின்றன. ஆய்வகத்தில் ஆகிறது, பட்டறையில் நிறம் திட்டுத் திட்டாகப் பிடிக்கிறது. பணம் போட வேண்டிய இன்னொரு இடம் இது.

கணக்கப்பிள்ளை:

பாதி மதிப்பெண்ணுக்கு நன்றி. மீதிப் பாதிக்கும் மறுமதிப்பீடு கேட்கிறேன்.

முதல் லாட்டின் அபாயத்தை அரசு ஏற்கட்டும் என்கிறீர்கள். சரி, எது முதல் லாட்டு என்று யார் தீர்மானிப்பார்? கோப்பு பார்க்கும் அதிகாரிக்கு ஷேடு தெரியாது, ரசீது தெரியும். எனவே ரசீதுக்குத்தான் பணம் போகும். காற்றாலையில் நடந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். காற்றாலை விலையில் 80 சதவீதம் வரை தேய்மானம் என்று முதலாண்டிலேயே வருமானத்தில் கழித்து வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்று சலுகை இருந்தது. மார்ச் மாதம் வந்தால் ஆலை முதலாளிகள் காற்றாலை வாங்குவார்கள். காற்று எப்படி என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை, மார்ச் 31-க்குள் நட்டுவிட முடியுமா என்றுதான் கேட்பார்கள். 2012 ஏப்ரலில் சலுகையை எடுத்தார்கள். அந்த ஆண்டே புதிதாக நிறுவுவது ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. 2014-ல் திரும்பக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அமெரிக்காவும் விதிவிலக்கில்லை. சொலிண்ட்ரா என்ற சூரியத் தகடு நிறுவனத்துக்கு 53.5 கோடி டாலர் கடனுக்கு அரசு உத்தரவாதம் கொடுத்தது. 2011-ல் அது திவாலானது.

ஈரத்துணி:

அதே அமெரிக்க எரிசக்தித் துறை டெஸ்லாவுக்கு 46.5 கோடி டாலர் கடன் கொடுத்தது. 2013-ல், தவணைக் காலம் முடியுமுன்பே, முழுதும் திரும்ப வந்தது. ஒரு கண்ணில் சுண்ணாம்பு, ஒரு கண்ணில் வெண்ணெய் வேண்டாம் ஐயா.

கணக்கப்பிள்ளை:

நல்ல உதாரணம் கொடுத்தீர்கள், என் பக்கத்துக்கு. ஒன்று ஜெயித்தபோது வரி கட்டியவனுக்கு வட்டிதான் வந்தது. ஒன்று தோற்றபோது முதலே போனது. லாபம் அவர்களுடையது, நஷ்டம் நம்முடையது. இந்தப் பங்காளி முறையை எந்தக் குடும்பத்திலாவது ஒத்துக்கொள்வார்களா?

உப்புக்கணக்கு:

காற்றாலைக் கதையில் ஒரு பக்கத்தை விட்டுவிட்டீர்கள். 2009 டிசம்பரில் வேறொரு முறையும் வந்தது. தேய்மானச் சலுகை எடுக்காதவர்களுக்கு, உற்பத்தி செய்யும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 காசு. காற்றாடி நட்டதற்கு இல்லை, சுற்றியதற்குப் பணம். காற்று எப்படி என்று கேட்காமல் யாரும் அதை வாங்க முடியாது. அதே அரசு, அதே கஜானா. ஒன்று ரசீதை அளந்தது, மற்றது மீட்டரை அளந்தது.

சுத்திகரிப்பிலும் அப்படிச் செய்யலாமே. தொட்டிக்கும் குழாய்க்கும் கொடுக்காதீர்கள். பட்டறைக்குத் திரும்பிப் போன ஒவ்வொரு டேங்கர் உப்புத் தண்ணீருக்கும் கொடுங்கள், முதல் ஐந்தாண்டுக்கு மட்டும். அந்த அளவை அதிகாரியின் கையெழுத்தை நம்பி எடுக்க வேண்டியதில்லை. பட்டறை வாங்கும் புதிய உப்பின் பில் குறைந்தாலே தெரிந்துவிடும். உங்களைப் போன்ற தணிக்கையாளர் ஒரு மதியத்தில் பார்த்துவிடலாம். டெஸ்லா விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். அரசுப் பணத்தில் தேறிய நுட்பத்தை மற்ற ஊர் நிலையங்களுக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால், ஈரோட்டுக்காரர் மறுபடி எலியாக வேண்டாம்.

ஈரத்துணி:

ஓடிய பிறகு ஐந்தாண்டில் கொஞ்சம் கொஞ்சமாகத் தரும் பணத்தை வைத்து இன்று எப்படி இயந்திரம் வாங்குவது? முன்பணம் எங்கிருந்து வரும்? பெரிய மில்காரருக்கு உங்கள் முறை சரி. என் போன்றவன் அதற்குள் பட்டறையை வாடகைக்கு விட்டிருப்பேன். போன வருடம் ஒரு திட்டத்துக்கு விண்ணப்பித்தேன். புதுமையான நுட்பம் வேண்டும் என்று முதல் பக்கத்தில் போட்டிருந்தது. இயந்திரம் தருகிறவருக்கு அதே நுட்பத்தில் மூன்றாண்டு அனுபவம் வேண்டும் என்று பதினோராம் பக்கத்தில் போட்டிருந்தது. புதுமைக்கு மூன்றாண்டு அனுபவம் எங்கே தேடுவது?

கணக்கப்பிள்ளை:

டேங்கருக்குக் காசு என்பது கேட்க நன்றாக இருக்கிறது அம்மணி. ஆனால் உப்புப் பில்லைக் குறைத்துக் காட்ட எனக்கே நான்கு வழி தெரியும். பில் இல்லாமல் உப்பு வாங்குவது அதில் முதலாவது. அதற்கு மேல் கொட்டகையிலுள்ள கலவை உப்பு மூட்டைகளுக்கு உங்களிடம் பதில் இல்லை. அதை எடுக்கவும் நாளை ஒரு திட்ட அறிக்கை வரும்.

உப்புக்கணக்கு:

வரும். மூட்டைகளுக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை என்பதும் சரி. புதிதாகச் சேருவதைக் குறைக்கத்தான் தெரியும்.

கீழ்மடை:

படித்தவர்கள் மூவரும் நன்றாகவே பேசினீர்கள். ரசீது, மீட்டர், டேங்கர் எல்லாம் ஆற்றின் மேல்பக்கத்திலேயே இருக்கிறது. கீழ்ப்பக்கத்தில் எங்கள் கிணற்று உப்பை அளந்து, அது குறைந்தால்தான் பணம் என்று ஒருவரும் சொல்லவில்லையே. 2,100 என்று ஏதோ அளவு வைத்திருக்கிறார்களே, அம்மணிக்குத் தெரியும்.

உப்புக்கணக்கு:

லிட்டருக்கு 2,100 மில்லிகிராம், கரைந்த உப்புக்கு. வெளியே விடும் தண்ணீருக்கான வரம்பு அது, குடிக்கிற தண்ணீருக்கு இல்லை. நிலத்தடி நீர் மாற ஆண்டுகள் பிடிக்கும், அதனால் தவணையோடு அதைக் கட்டுவது கடினம் ஐயா. ஆனாலும் நான் அதை யோசிக்காமல் விட்டது உண்மைதான். என்னிடம் கை மீட்டர் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வரலாமா?

கீழ்மடை:

வா அம்மணி. கிணறு மூன்று இருக்கிறது, மூன்றையும் பார்த்துவிடலாம். பேட்டரி இருக்கிறதா என்று புறப்படும்போது ஒரு தடவை பார்த்துக்கொள். போன தடவை அளக்க வந்தவர், கிணற்றடியில் நின்றுகொண்டுதான் அதைப் பார்த்தார்.