மறு: 'போலி மின்மருத்துவக் கருவி' என்ற சொல் சரியா?

வணக்கம்.

மின்சாரத்தால் நோய் தீர்க்குமென்று சொல்லி விற்ற பழைய பெட்டிகளுக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். அதற்கு மன்னார் அண்ணை தந்த 'போலி மின்மருத்துவக் கருவி' எனக்கு ஒத்துவரவில்லை. போலி நாணயம் என்றால் அசல் நாணயம் ஒன்று இருக்கும். இந்தப் பெட்டிகளுக்கு அசல் எது?

என்னிடம் உள்ளதைச் சொல்கிறேன். வவுனியாவில் பழைய இரும்புக்கடையில், ஓட்டை வால்வு றேடியோ ஒன்றோடு சேர்த்து வாங்கிய மரப்பெட்டி. உள்ளே குதிரைலாடக் காந்தம், அதன் முன்னால் இரண்டு கம்பிச்சுருள், சுத்துவதற்கு ஒரு கைபிடி, நோயாளி பிடிக்க இரண்டு பித்தளைக் குழாய். மூடியின் உட்புறத்தில் ஒட்டிய சீட்டு நரம்பு நோய்களுக்கென்கிறது. 1854இல் அமெரிக்காவில் டேவிஸ் காப்புரிமை எடுத்து, டேவிஸ்-கிடர் என்ற பெயரில் விற்பனையான சாதனத்தின் வழிவந்தது. குழாயை மனிசியிடம் கொடுத்துச் சுத்தினேன். "ஐயோ, விடுங்கோப்பா!" மின்னோட்டம் போலியில்லை, கை விறைத்ததும் போலியில்லை. சீட்டில் எழுதியிருப்பதுதான் பொய்.

தொண்ணூறுகளில் பற்றரிக்குத் தடை இருந்தபோது வன்னியில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுத்தி, டைனமோவில் செய்தி கேட்டோமே, அதுவும் இதே வேலைதான். காந்தம், சுருள், சுத்து. விஞ்ஞானி பரடே 1831இல் கண்டது. நாலு டயோட்டும் ஒரு கொள்ளளவியும் (மின்தேக்கி) சேர்த்தால் திரான்சிஸ்டர் றேடியோ பாடும். (வால்வு றேடியோவுக்கு டைனமோ தரும் ஆறு வோல்ட் எந்த மூலைக்கு? அவை மூலையில் தூசிபிடித்துக் கிடந்தன.)

ஆகவே என் முன்மொழிவு: மின்பம்மாத்து. பெட்டியைச் சொல்ல, பம்மாத்துப்பெட்டி.

'சுத்துமாத்து' என்று தம்பி ஒருவர் எழுதியிருந்தார். கைபிடி சுத்துவதால் பகிடிக்குப் பொருந்தும், ஆனால் சுத்துமாத்து, அதாவது ஏமாற்று, விற்றவன் செய்கிற வேலை. விற்றவனே நம்பி விற்றிருக்கவும் கூடும். பம்மாத்து என்பது இல்லாத வல்லமையைக் காட்டி நிற்பது. அதைப் பெட்டியே செய்கிறது. சான் பிரான்சிஸ்கோ மருத்துவர் ஏப்ரம்ஸ் 1920களில் நோய் தீர்க்குமென்று வாடகைக்கு விட்ட பெட்டிகளைத் திறக்கக்கூடாதென்று நிபந்தனை. திறந்தவர்கள் கண்டது நோயோடு சம்பந்தமில்லாத கம்பிச்சிக்கல். அதுவும் இந்தச் சொல்லுக்குள் அடங்கும். கொச்சை என்று தள்ளவேண்டாம், தமிழகத்தாருக்கும் பம்மாத்து விளங்கும்.

'ஊதாக்கதிர்க் கருவி' (ஒளிரும் கண்ணாடிக்கோலை உடம்பில் வைத்து நோய் தீர்ப்பதாகச் சொன்ன இன்னொரு சாதனம்) பற்றி அக்கா கேட்டிருந்தா. கதிர் என்றால் பிள்ளைகள் பாடப்புத்தகத்துக் கழியூதாக் (புற ஊதா) கதிரோடு குழப்பிக்கொள்வார்கள். அந்தக் கண்ணாடிக்கோலில் தெரிவது, காற்றைப் பெரும்பகுதி உறிஞ்சி எடுத்த குழாய்க்குள் உயர் மீடிறன் (அதிர்வெண்) மின்னோட்டம் எழுப்பும் ஊதா ஒளிர்வு. 'ஊதாச்சுடர்க்கோல்' போதும். அதை இயக்கினால் பக்கத்து றேடியோ பொரிகிற சத்தத்தில் ஒரு நிலையமும் எடுபடாது. அதற்கும் ஒரு சொல் வேண்டும். 'இரைச்சல்' போதாது, 'பொரியல்' என்றால் சிரிப்பீர்கள்.