மட்டக்களப்பு வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது? மாரி வெள்ளத்தில் நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்

வெள்ளாவெளிப் பக்கம், வெள்ளாண்மை செய்பவர்:

எங்கள் வட்டை (வயல்வெளி) தாழ்ந்த நிலம். மாரியில் வாவி நிரம்பும்போது முகத்துவாரம் மணலால் அடைபட்டிருந்தால் வடிச்சல் வாய்க்கால் ஓடாது. தண்ணீர் திரும்பி வயலுக்குள் ஏறும். கதிர் வெளிவருமுன், குடலைப் பருவத்தில் பயிர் சில நாள் மூழ்கினாலே போச்சு. 2011 ஜனவரி வெள்ளத்தில் கதிரே காணவில்லை. அதனால் மழை பிடித்ததும் "வெட்டுங்கோ" என்று நாங்கள் கேட்போம், மீனவர்கள் மறுப்பார்கள்.

ஒரு கூட்டத்தில் வயதான மீனவர் ஒருவர் விளக்கினார். வாவி போதுமான அளவு நிரம்பாமல் வெட்டினால் தண்ணீரோடு இறாலும் மீனும் கடலுக்குப் போய்விடும். கடல்நீர் உள்ளே ஏறி, கரையோர வயலும் உவராகும். அன்றைக்குத்தான் அவர்களுடைய நியாயம் எனக்கு விளங்கியது. எந்த மட்டம் வந்தால் வெட்டுவது என்பதை மாரிக்கு முன்னமே, பெரும்போக (மாரிகால நெற்செய்கை) ஆரம்பக் கூட்டத்திலேயே, மீனவர் சங்கங்களையும் கூப்பிட்டு எழுதி வைக்க வேண்டும். உன்னிச்சை, நவகிரிக் குளங்களின் வான்கதவு திறந்தாலும் அந்தத் தண்ணீர் வந்து சேர்வது வாவிக்குத்தான். ஆகவே நீர்ப்பாசனப் பொறியியலாளரும் அங்கே இருக்க வேண்டும்.

வாவிக்கரை, மீன்பிடிக் குடும்பத்துப் பெண்:

அண்ணன் சொல்வது சரி. வாவி ஓரம் நிரப்பப்படுவதையும் பேசுங்கள். எங்கள் ஒழுங்கைக்குப் பின்னால் இருந்த பள்ளக்காணியில்தான் மாரித் தண்ணீர் தங்கும். கிரவல் கொட்டி மதில் கட்டினார்கள். அடுத்த மாரியில் அந்தத் தண்ணீர் எங்கள் அடுப்படிக்கு வந்தது. மாதர் சங்கத்தில் நாங்கள் வாவி ஓரத்தில் நட்ட கண்டல் (அலையாத்தி மர) கன்றுகளில் பெரும்பாலானவை கருகின. பிறகு, அடைபட்டிருந்த ஓடையை வெட்டித் தண்ணீர் வந்துபோக வழிவிட்டோம். விதைகள் தாமாக மிதந்து வந்து முளைத்தன, அவைதான் நிலைத்தன. முதலில் தண்ணீருக்கு வழி, அப்புறம் கன்று. நடப்போகிற எல்லோருக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

காரைதீவிலிருந்து:

2024 நவம்பரில் காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் உழவு இயந்திரத்தில் போன மதரசா மாணவர்களை வெள்ளம் அடித்துச் சென்றதை இங்கே யாரும் மறக்க முடியாது. அந்த வீதி வெள்ளம் பாயும் வயல்வெளியைக் குறுக்கறுத்துப் போகிறது. அதை உயர்த்தினால் மட்டும் போதாது, தண்ணீர் அடியால் கடக்கப் போதுமான பாலமும் மதகும் வேண்டும். இல்லாவிட்டால் வீதியே அணைக்கட்டாகி மேலேயுள்ள வயலையும் வீட்டையும் மூழ்கடிக்கும்.

கிரான், மாடு வளர்ப்பவர்:

புலிபாய்ந்தகல் பாதை மூழ்கினால் எங்களுக்குப் படகுதான். இங்கே வெயில் எறிக்கும்போதே தண்ணீர் ஏறும், ஏனென்றால் மழை பெய்திருப்பது மேலே மகாஓயாப் பக்கம். அங்குள்ள சிங்களக் கமக்காரர் ஒருவர் ஆறு பெருகினால் எனக்குப் போன் எடுப்பார். உடனே மாடுகளை மேட்டுக்கு ஏற்றிவிடுவோம், அயலாருக்கும் சொல்லிவிடுவோம். அவர் ஊர் அம்பாறை மாவட்டம், எங்கள் ஊர் மட்டக்களப்பு. இரண்டு மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவுகளும் மேலே ஆறு ஏறும் செய்தியைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே நேரத்தில் எங்கள் போனுக்கு அனுப்பினால், அவரைத் தெரியாத மற்ற மாட்டுப் பட்டிக்காரரும் மாடுகளைக் காப்பாற்றிவிடுவார்கள்.